பருப்பு வேகாத தண்ணீர்

செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில், திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்துக்காக நின்றிருந்தோம், நானும் என் அண்ணன் மகளும். அவள் தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்த ஆறு பிளாஸ்டிக் பாட்டில்கள், மார்க்கர் பேனா, ஒரு சுத்தியல், தோழியிடம் கேட்டு வாங்கிய கைலென்ஸ். பி.எஸ்ஸி. நிலவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்தப் பருவத்தில் அவளுக்குப் புவிவேதியியல் என்று ஒரு தாள்.

“மொத்தம் அஞ்சு யூனிட் அத்தை. நாலு யூனிட் மனப்பாடமா சொல்வேன். ஆனா இது எதைப் பத்தின பாடம்னு யாராவது கேட்டா சொல்லத் தெரியல” என்று முந்தின வாரம் போனில் சொல்லியிருந்தாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் அதே தாளை நானும் அப்படித்தான் எழுதித் தேறினேன். ஞாயிற்றுக்கிழமையை அவளுக்காக ஒதுக்கியதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் என் அம்மா. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல்மேட்டில் எங்கள் பழைய வீடு. கொல்லையில் பதினைந்தடி ஆழ உறைகிணறு. “ரெண்டு வருஷமா துவரம்பருப்பு வேகவே மாட்டேங்குது. சோப்பு நுரைக்கல. கடலு கெணத்துக்குள்ள வந்துடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறார். சமையலுக்கும் துவைக்கவும் கிணறுதான்.

கடல் வந்துவிட்டதா என்ற அந்தக் கேள்வியைப் போல ஒரு இளநிலை மாணவிக்குப் பொருத்தமான புவிவேதியியல் கேள்வியை எந்த வினாத்தாளிலும் நான் பார்த்ததில்லை.

நிலவியல் என்றாலே ஊரில் பாதிப் பேர் புவியியல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். “மேப் படிக்கிறதுதானே?” என்று உறவினர் கேட்காத கல்யாண வீடு கிடையாது. பாறை, கனிமம், பூமியின் பழைய கதை இவற்றைப் படிப்பது நிலவியல். அதற்குள் வேதியியலின் கண்ணால் பார்க்கும் பகுதி புவிவேதியியல். இங்கே அது பெரும்பாலும் இளநிலை நிலவியலுக்குள் ஒரு தாளாகத்தான் வருகிறது. சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி என்று நிலவியல் துறை உள்ள கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிளஸ் டூவில் வேதியியல் படித்துவிட்டு, அடுத்து என்ன என்று கையைப் பிசைந்து நிற்கும் எத்தனையோ பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது.

பாடத்தின் பெயருக்கு வயது கொஞ்சம் அதிகம். 1838இல் கிறிஸ்டியான் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். 1908இல் அமெரிக்கரான எஃப்.டபிள்யூ. கிளார்க் உலகெங்கும் செய்த பாறை, நீர்ப் பகுப்பாய்வுகளைத் திரட்டி ஒரு பெரிய நூலாக்கினார். பிறகு வந்தவர் விக்டர் கோல்ட்ஷ்மிட். தனிமங்களைப் பாறை விரும்பி, இரும்பு விரும்பி, கந்தகம் விரும்பி, காற்று விரும்பி என்று குணம் பார்த்துப் பிரித்தார். நம் மாணவர்கள் மனப்பாடம் செய்வது இந்தப் பட்டியலைத்தான். கோல்ட்ஷ்மிட் சொன்ன காரணம் அதைவிட அழகானது. ஒரு கனிமத்தின் கட்டமைப்புக்குள் அணுக்கள் உட்காருவதற்கு அளவு குறித்த இடங்கள் இருக்கின்றன. அளவும் மின்சுமையும் ஒத்துப்போனால், அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொள்வதுபோல ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காரும். பொட்டாசியம் போகிற இடத்துக்கெல்லாம் ருபீடியம் போகும். கால்சியத்தின் வீட்டில் ஸ்ட்ரான்சியம் தங்கும். எங்கும் இடம் கிடைக்காதவை கடைசி வரை உருகிய குழம்பிலேயே மிஞ்சும். யுரேனியமும் தோரியமும் அப்படி மிஞ்சுகிறவை.

இதைச் சொன்னபோது, “இதை இப்படிச் சொல்லியிருந்தா யூனிட் ரெண்டு ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்” என்றாள். பேருந்து வந்துவிட்டது.

ரயில் ஜன்னலில் தெரியும் கல்

அவள் தினமும் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போகிறாள். பல்லாவரம், திரிசூலம் தாண்டிப் பரங்கிமலை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாடத்தின் பாதி வெளியே ஓடுகிறது. திரிசூலம் மலையில் வெட்டுக்காயம் தெரியும். எத்தனையோ ஆண்டுகள் அங்கே புளூ மெட்டல் உடைத்தார்கள். சென்னையின் சாலைகளிலும் வீட்டுக் கூரைகளிலும் கிடக்கும் கருநீல ஜல்லிக்கு நிலவியலில் சார்னோக்கைட் என்று பெயர்.

பெயர் வந்த கதையே ஒரு பாடம். கொல்கத்தாவோடு பெயர் சேர்த்துப் பேசப்படும் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னோக் 1693இல் இறந்தார். செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறைக் கல்லைப் பார்த்தார். வங்காளத்து வண்டல் மண்ணில் பிறக்க முடியாத கல். அதன் கனிமங்களை ஆராய்ந்து, பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை அது என்று கண்டார். 1893இல் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். 1900இல் அந்தப் பாறைக் குடும்பத்தைப் பற்றி விரிவான நூல் ஒன்று எழுதினார். கல் வாய் திறக்காவிட்டாலும் அதன் கனிமச் சேர்க்கை சொந்த ஊரைச் சொல்லிவிட்டது. பரங்கிமலைச் சார்னோக்கைட் இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களில் ஒன்று. அதைச் சொல்லும் பலகையைப் படிக்கவென்று ரயிலைவிட்டு இறங்குகிறவர்கள் அரிது.

அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாக அந்த நாளைச் சொல்கிறோம். அவரும் நிலவியல் துறைக்காரர்தான்.

என் அண்ணன் மகளை மிகவும் தொட்ட கதை வேறு. நிலவியல் மாணவர் எவரும் திறக்காமல் தப்ப முடியாத கனிமவியல் நூல் ஒன்று உண்டு. டீர், ஹோவி, சுஸ்மன் என்று மூன்று பெயர்களைச் சேர்த்தே அதைச் சொல்வார்கள். நடுவில் இருக்கும் ஆர்.ஏ. ஹோவி, அந்த நூல் வருவதற்கு முன், 1955இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எடின்பரோ ராயல் சொசைட்டியின் இதழில் வந்த அதன் பொருள், சென்னைச் சார்னோக்கைட் பாறைகளின் புவிவேதியியல். உலகம் முழுக்க மாணவர்கள் கனிமம் படிக்கும் நூலின் ஆசிரியர் தன் இளமையில் பாடம் படித்தது பல்லாவரத்துக் கல்லிடம். “நான் தினமும் தாண்டிப் போற ஸ்டேஷன் அத்தை!” என்று பேருந்திலேயே கத்திவிட்டாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சார்னோக்கைட்டின் தனி அடையாளம் ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் கனிமம். தண்ணீர் நிறைய இருக்கும் இடத்தில் பாறை வெந்தால் அபிரகமும் ஹார்ன்பிளெண்டும் உருவாகும். அவற்றின் உடம்பிலேயே தண்ணீர் உண்டு. பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேல், நீர் வற்றிய சூழலில் வெந்தால்தான் ஹைப்பர்ஸ்தீன். அந்த நீரை எது விரட்டியது? கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் ஒரே பாறையின் ஒரு பகுதி வெளிர் நைஸாகவும் மறுபகுதி கரும் சார்னோக்கைட்டாகவும் இருப்பதைப் பார்த்து, ஆழத்திலிருந்து ஏறி வந்த கரியமில வாயுதான் நீரை விரட்டியது என்று ஜனார்தன், நியூட்டன், ஸ்மித் மூவரும் 1979இல் எழுதினார்கள். எல்லா இடத்துச் சார்னோக்கைட்டுக்கும் அது பொருந்துமா என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. ஹோவி ஆராய்ந்த கற்களையே 1959இல் ஏ.பி. சுப்பிரமணியம் மறுபடி ஆராய்ந்து வேறு விளக்கம் தந்தார். இளநிலை மாணவருக்கு முடிவைவிட இந்தச் சச்சரவைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி. முடிவு மட்டும் தெரிந்தால் எழுதத்தான் வரும்.

மாமல்லபுரத்தில் சுத்தியல் பைக்குள்

இறங்கியதும் அவள் சுத்தியலில் கை வைத்தாள். “அது உள்ளேயே இருக்கட்டும்” என்றேன். பாதுகாக்கப்பட்ட பாறையில் கீறல்கூட விழக் கூடாது. அதற்கு அவசியமும் இல்லை. ஊருக்குள் வீடு கட்டும் இடத்தில் சாலையோரம் ஜல்லி கொட்டியிருந்தார்கள். கேட்டுவிட்டு ஒரு துண்டை எடுத்து உடைத்தோம். புதிதாக உடைந்த முகம் எண்ணெய் பூசியதுபோலப் பசுங்கருப்பாக மின்னியது. லென்ஸில் குவார்ட்ஸும் மங்கலான நீலச் சாயலோடு தெரிந்தது.

பிறகு ஐந்து ரதங்களுக்குப் போய் நின்றோம். உள்ளே அதே வகைப் பாறைதான், வெளியே பழுப்பு. ஏழாம் நூற்றாண்டில் செதுக்கிய முகத்தில் 1,300 ஆண்டுகளாக மழையும் கடற்காற்றும் வேலை செய்திருக்கின்றன. ஆழத்தில், வெப்பத்தில் பிறந்த கனிமங்களுக்கு நம் வெயிலும் மழையும் அந்நியம். அதிக வெப்பத்தில் பிறந்தது முதலில் சிதையும். 1938இல் கோல்டிச் வகுத்த வரிசை இது. பைராக்சீன் முதலில் விழுகிறது, அதிலிருக்கும் இரும்பு துருப்பிடித்துப் பழுப்புத் தோலாகிறது. ஃபெல்ஸ்பார் மெல்லக் களிமண்ணாகிறது. குவார்ட்ஸ் அசையாமல் நின்று கடைசியில் மணலாகிக் கடற்கரைக்குப் போகிறது. பைராக்சீனும் ஃபெல்ஸ்பாரும் கரையும்போது வெளியேறும் கால்சியம், மக்னீசியம், சோடியம், சிலிக்கா எல்லாம் போய்ச் சேரும் இடம் செங்கல்பட்டுக் கிணறுகள். மலையோரக் கிணற்றுத் தண்ணீரின் ருசி பாறையின் ருசி.

கடற்கரைக் கோயிலில் கதை மாறுகிறது. ராஜசிம்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கட்டுமானக் கோயில் அது. சுற்றுச்சுவர் மேல் படுத்திருக்கும் நந்திகளைப் பாருங்கள். பலவற்றுக்கு முகமே இல்லை. அலைத்துளி கல்லின் நுண்துளைகளுக்குள் போகிறது, தண்ணீர் ஆவியாகிறது, உள்ளே உப்புப் படிகம் வளர்கிறது. வளரும் படிகம் பக்கத்து மணிகளை நெம்பித் தள்ளுகிறது. ஈரம் பட்டால் கரைந்து, காய்ந்தால் மறுபடி வளர்ந்து, இப்படி நாள்தோறும்.

தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு இதற்குச் செய்யும் வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஊறவைத்த காகிதக்கூழைக் கல்மேல் அப்புவார்கள். கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் ஈரத்தோடு உப்பையும் உறிஞ்சி எடுக்கும். கூழை உரித்துவிட்டு, அதில் எவ்வளவு குளோரைடு என்று பார்க்கலாம். குறையும் வரை மறுபடி மறுபடி அப்பலாம். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். குளோரைடு அளக்க ஒரு பியூரெட் போதும். “நாங்களும் காலேஜ்ல அதைத்தானே கெமிஸ்ட்ரி லேப்ல பண்றோம்?” என்றாள். அதையேதான். ஆனால் அங்கே அவள் அளந்தது யாரோ கலக்கி வைத்த கரைசலை.

கோயிலுக்குத் தெற்கே மணலில் நடந்தோம். அலை பின்வாங்கிய இடத்தில் கருமணல் கோடு போட்டிருந்தது. கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை மேலே காட்டினால் சில மணிகள் தாவி ஒட்டின. அது மேக்னடைட். ஒட்டாத கருப்பில் பெரும்பங்கு இல்மனைட். செம்பழுப்பாக மின்னியது கார்னெட். இவற்றோடு மிகக் குறைவாக, தேன் நிறத்தில் மோனசைட்டும் இந்தக் கரையில் உண்டு. கோல்ட்ஷ்மிட் சொன்ன இடம் கிடைக்காத தனிமங்கள், தோரியமும் சீரியமும் லாந்தனமும், பாஸ்பேட்டோடு சேர்ந்து தங்கிய கனிமம் அது. கல்பாக்கம் கடற்கரையில் இயற்கைக் கதிரியக்கம் சற்று அதிகமாகத் தெரிவதற்கு மோனசைட்தான் காரணம். அதே கல்பாக்கத்தில், தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம்-233ஐ எரிபொருளாகக் கொண்ட காமினி என்ற சிறிய ஆய்வு உலை 1996 முதல் இருக்கிறது. மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கண்காணிப்பில் உள்ள பொருள். நாங்கள் உள்ளங்கையில் வைத்து லென்ஸில் பார்த்துவிட்டு அங்கேயே உதறிவிட்டோம். ஒரு பாட்டில் கடல்நீர் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நல்ல தண்ணி, உப்புத் தண்ணி

அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். “கெணத்த டெஸ்ட் பண்ண டாக்டரம்மா வந்துட்டாங்களா?” என்று பேத்தியின் கன்னத்தைத் தொட்டார்.

தண்ணீர் எடுப்பதில் ஒழுங்கு உண்டு. எடுக்கப்போகும் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும். காற்றுக் குமிழி இல்லாமல் கழுத்துவரை நிரப்ப வேண்டும். பி.எச்., வெப்பநிலை, மின்கடத்துத்திறன் மூன்றையும் கிணற்றடியிலேயே பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் கரியமில வாயு பறந்துவிட்டால் பி.எச். மாறிவிடும். பாட்டிலில் இடம், தேதி, நேரம் எழுத வேண்டும். எழுதாத பாட்டில் வெறும் தண்ணீர்.

அம்மா தலைமுறைக்கு இந்த அறிவியல் நாக்கில் இருந்தது. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, சவுட்டுத் தண்ணி என்று மூன்று பெயர். சோறு மஞ்சளாகுமா, பருப்பு வேகுமா, துணி வெளுக்குமா என்பது பரிசோதனை. உவர்மண்ணில் துணி வெளுத்த வண்ணார்கள் சோடியம் கார்பனேட்டை அந்தப் பெயர் தெரியாமலே அறிந்திருந்தார்கள். பருப்பு வேகாததற்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும். பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினோடு கால்சியம் சேர்ந்து இறுக்கிவிடுகிறது. அம்மா சொன்ன அறிகுறி கடினத்தன்மையைச் சுட்டுகிறது. ஊரார் சொன்ன காரணம் உப்பு. இரண்டும் ஒன்றல்ல.

கடல் உள்ளே வருவது கற்பனைப் பயமில்லை. நன்னீர் கடல்நீரைவிட லேசானது. மணலுக்குள் அது கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கைபென் என்பவரும், 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே கணக்குச் சொன்னார்கள். மேலே ஒரு மீட்டர் இறைத்துவிட்டால், நாளாவட்டத்தில் கீழே உப்பு நாற்பது மீட்டர் ஏறிவரும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் எத்தனை போர் போட்டிருக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் மணல்மேட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே ஓதநீர் ஏறும் பக்கிங்காம் கால்வாய். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை நெடுகக் கிணறுகள் உப்பாகி, மழைக்காலங்கள்தான் அவற்றைக் கழுவின. இப்போது நெம்மேலியில் கடலையே குடிநீராக்குகிறோம். 2013இல் நாளைக்கு 10 கோடி லிட்டர் ஆலை, 2024இல் கூடுதலாக 15 கோடி லிட்டர் ஆலை.

எனவே ஊரார் சந்தேகம் நியாயமானது. ஆனால் சந்தேகத்தைப் பாட்டிலில் ஊற்றிப் பார்க்க வேண்டும்.

கடல்நீரில் லிட்டருக்கு 19,000 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு. குடிநீரில் 250 வரை ஏற்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 1,000 வரை என்பது இந்தியத் தரநிலை. நூறு குடம் நல்ல தண்ணீரில் இரண்டே குடம் கடல்நீர் கலந்தால் 250ஐத் தாண்டிவிடும். குளோரைடு எந்தக் கனிமத்தோடும் எளிதில் சேராது, களிமண்ணில் ஒட்டாது. போட்ட இடத்தில் அப்படியே இருக்கும் சாட்சி அது.

அடுத்த சனிக்கிழமை, பள்ளி ஒன்றின் வேதியியல் ஆசிரியையான என் தோழியின் ஆய்வகத்தில் உட்கார்ந்தோம். 25 மில்லி கிணற்றுநீர், சில துளி பொட்டாசியம் குரோமேட். மஞ்சள். பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட் சொட்டுச் சொட்டாக. வெள்ளை வீழ்படிவு தயிர்போலக் கலங்கி, கடைசிச் சொட்டில் செங்கல் நிறம் தட்டி நின்றது. வெற்றுநீருக்கான அளவைக் கழித்தபின் 21 மில்லி. லிட்டருக்கு 420 மில்லிகிராம் குளோரைடு. “அப்ப கடல் வந்துடுச்சு அத்தை!” என்றாள்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான அறிக்கைகள் நின்றுவிடுகின்றன. மற்ற அயனிகளையும் பார்க்கச் சொன்னேன். கால்சியம் 110, மக்னீசியம் 40, பைகார்பனேட் 366, சல்ஃபேட் 72, நைட்ரேட் 50. சோடியம் அளக்கக் கருவி அங்கே இல்லை. எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையிலிருந்து மற்ற நேர்மின் அயனிகளைக் கழித்து, மீதியைச் சோடியம் என்று போட்டுவிடலாம் என்றாள். சீனியர்கள் அப்படித்தான் புராஜெக்ட் முடித்தார்களாம். அதை மட்டும் நான் விடவில்லை. நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் சமமாக இருந்தாக வேண்டும். நம் அளவீடு சரியா என்று தண்ணீரே சொல்லும் ஒரே இடம் அதுதான். சோடியத்தைக் கணக்கில் உருவாக்கினால் தராசு எப்போதும் சமமாகத்தான் நிற்கும், எடை பொய்யாக இருந்தாலும். வேறொரு ஆய்வகத்தில் ஃபிளேம் போட்டோமீட்டருக்காக ஒரு வாரம் காத்திருந்து, சோடியம் 285, பொட்டாசியம் 12 என்று வாங்கினோம்.

சமான எடையால் வகுத்துக் கூட்டினாள். 8 சதவீதம் இடித்தது. 5 சதவீதத்துக்குள் வர வேண்டும். முகம் வாடிவிட்டது. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் பத்து நிமிஷம் கழித்து, “கால்சியத்தை நாப்பதால வகுத்துட்டேன்! ரெண்டு சார்ஜ், இருபதால வகுக்கணும்!” என்றாள். மக்னீசியத்திலும் அதே பிழை. திருத்தியதும் 3 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. ஐந்து யூனிட்டும் சேர்ந்து தராத ஒன்றை அந்தப் பத்து நிமிஷம் அவளுக்குத் தந்தது என்று நினைக்கிறேன்.

இனி எண்களைப் படிக்கலாம். கடல்நீரில் கால்சியத்தைப்போல மூன்று மடங்கு மக்னீசியம் எடையில் உண்டு. இங்கே தலைகீழ். கடலில் ஒவ்வொரு 100 குளோரைடு அயனிக்கும் 86 சோடியம் அயனி. கடல்நீர் புதிதாக நுழைந்தால், களிமண் சோடியத்தைப் பிடித்துவைத்துக் கால்சியத்தை விடுவிக்கும். அப்போது 86 இன்னும் குறையும். இங்கே 100க்கு 105. சோடியத்துக்கு வேறு வரத்து இருக்கிறது. கடைசியாக நைட்ரேட்டைப் பார்த்தோம். 50. ஏற்கத்தக்க அளவு 45தான். கடல்நீரில் நைட்ரேட் மிகச் சொற்பம்.

“பாட்டி வீட்டு டாய்லெட் குழி எங்க இருக்கு அத்தை?”

நான் வாய் திறக்கவில்லை. அவளே போன் போட்டாள். அம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கொல்லையில் அடியளந்து, “பதினெட்டு அடி இருக்கும்டி” என்றார்.

எனக்கு இப்போது தோன்றும் கதை இது. குழியிலிருந்து கசியும் கழிவு மணலுக்குள் மட்கி, நைட்ரேட்டும் கரியமில வாயுவும் ஆகிறது. கரியமில வாயு கலந்த நீர் லேசான அமிலம். கடற்கரை மணல் முழுக்கக் கிளிஞ்சல். அமிலம் கிளிஞ்சலைக் கரைக்கக் கால்சியமும் பைகார்பனேட்டும் ஏறுகின்றன. பருப்பு இறுகுகிறது. குளோரைடும் சோடியமும் கொஞ்சம் கடலிலிருந்து வந்திருக்கலாம், கொஞ்சம் அம்மா சமையலில் போட்ட உப்பே குழி வழியாகத் திரும்பி வந்ததாக இருக்கலாம்.

இரண்டையும் பிரிக்க ஒரு சாட்சி உண்டு, புரோமைடு. செய்யூர் உப்பளத்தில் பாத்திகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கடல்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணம், அடுத்து ஜிப்சம், அதன்பின் உப்பு படிகிறது. உப்பை வாரியபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள். மக்னீசியமும் புரோமைடும் அந்தக் கசப்போடு போய்விடுகின்றன. எனவே கடலில் குளோரைடு புரோமைடைப்போல் சுமார் 290 மடங்கு என்றால், சமையல் உப்பில் அந்த விகிதம் மிக அதிகம். கிணற்றில் புரோமைடு அளந்தால், வந்தது கடலா, சமையலறையா என்று தெரியும். அதற்கு அயனி குரோமட்டோகிராஃப் வேண்டும். இளநிலைக் கல்லூரிகள் சிலவாவது சேர்ந்து மாவட்டத்துக்கு ஒரு பொது ஆய்வகம் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது.

அதே நைட்ரஜனை இந்த மாவட்டம் வேறொரு இடத்தில் கொண்டாடுகிறது. வேடந்தாங்கல் ஏரியில் பறவை எச்சம் கலந்த நீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்று அந்த ஊர் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சுடக் கூடாது என்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் உரிமைச் சீட்டு வாங்கினார்கள். மீன்களில் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் பறவை வயிறு வழியாக வயலுக்கு வரும் சுழற்சியைச் சட்டம்போட்டுக் காத்த ஊர் அது. வயலில் அது உரம், பதினைந்தடிக் கிணற்றில் அது தொல்லை.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பது சரிதான். முதுநிலையும் முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு எழுதலாம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதன் வழியாக ஆள் எடுக்கிறார்கள். முதுநிலைக்கு ஐ.ஐ.டி.களில் சேர ஜாம் தேர்வு இருக்கிறது. குடிநீர் வாரியம், மாசுக் கட்டுப்பாடு, சுரங்கம், தனியார் ஆய்வகங்கள் என்று மற்ற வழிகளும் உண்டு. வேதியியலில் பயம் இருந்தால் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று மட்டும் வெளிப்படையாகச் சொல்வேன். எடுத்த பாட்டிலுக்கெல்லாம் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு மாதிரியை வைத்து நான் சொன்ன கதை தவறாகவும் இருக்கலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். கோடையில் ஒன்று, ஐப்பசி மழை ஓய்ந்தபின் ஒன்று எடுத்துப் பார்க்க வேண்டும். மழையில் குளோரைடு இறங்கி நைட்ரேட் ஏறினால் குழி, இரண்டும் சேர்ந்து இறங்கினால் யோசிக்க வேண்டும். அம்மா இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. குழியைக் கிணற்றைவிட்டுத் தள்ளி, தெருப் பக்கமாகக் கட்டக் கொத்தனாரிடம் பேசிவிட்டார். அதற்கு முன்னால் ஒரு பாட்டில் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று பேத்தி துடித்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று இரவு அம்மா போன் செய்தார். பக்கத்து வீடுகளில் மூன்று பேர் அவரவர் கிணற்றுக்கும் பாட்டில் கேட்டிருக்கிறார்களாம். “எத்தன தடவ அலசணும்னு சொன்னா அவ? மூணா, நாலா?”

“மூணும்மா. அதே தண்ணியால.”